கரண்ட் வந்த பிறகு சாகும் மீன்கள்

மின்வெட்டு நேரத்தில் தொட்டி மீன் செத்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. காற்று நின்றது, மூச்சுத் திணறிச் செத்தது என்று சிறு பிள்ளைக்கும் புரியும். இரவெல்லாம் தாக்குப்பிடித்த மீன், காலையில் கரண்ட் வந்து ஃபில்டர் ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் மல்லாந்து மிதக்கும்போதுதான் வளர்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. இன்னும் சில தொட்டிகளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த மூன்றாம் நாள் சாவு தொடங்கும். வர்தா புயல் (2016), கஜா புயல் (2018), மிக்ஜாம் புயல் (2023) போன்ற சமயங்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லாத ஊர்களில் மீன் வளர்ப்போருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இதில் மர்மம் எதுவும் கிடையாது. மீன் எந்த நேரத்தில் செத்தது என்பதுதான் முதல் துப்பு.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள சாதாரண வீட்டுத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 7.8 மில்லிகிராம். ஆக முழுத் தொட்டிக்கும் சேர்த்து 0.4 கிராமுக்குள்தான். காலியான ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும் காற்றிலும் கிட்டத்தட்ட இதே அளவு ஆக்சிஜன் உண்டு. பத்துப் பன்னிரண்டு மீன்களும், மணலிலும் ஃபில்டரிலும் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும், விளக்கு அணைந்துவிட்டால் செடிகளும் இந்த ஒரு பாட்டில் காற்றைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஏர் பம்ப் விடும் குமிழிகள்தான் தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊட்டுகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். குமிழி மேலே வந்து உடைவதற்குள் அதிலிருந்து கரைவது கொஞ்சமே. அடித்தண்ணீரை மேலே தள்ளி, நீர்ப்பரப்பைக் கலக்கிவிடுவதுதான் அதன் பெரிய வேலை. காற்றில் பரவுவதைவிட நீருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். நீர் அசையாமல் நின்றால் மேல்தட்டில் மட்டும் ஆக்சிஜன் இருக்கும்; அடித்தட்டு வறண்டுபோகும். மூடி இறுக்கமாக இருந்தால், மீன் அளவுக்கு மீறி அடைத்திருந்தால், இரவு உணவு தாராளமாகப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான மீன்கள் திணறத் தொடங்கும்.

வெப்பம் இரண்டு பக்கமும் அடிக்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் நீர், 30 டிகிரியில் 7.5 மட்டுமே தாங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாத இரவில் நான்கு மணி நேர மின்வெட்டு, டிசம்பர்ப் புயலின் எட்டு மணி நேரத்தைவிடக் கொடியதாக இருப்பது இதனால்தான்.

ஆக்சிஜன் குறைந்து நேர்ந்த சாவுக்குச் சில அடையாளங்கள் உண்டு. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும், குஞ்சுகள் பிழைக்கும். செத்த மீனின் வாய் திறந்து, செவுள் மூடி விரிந்திருக்கும். ஃபைட்டர், கௌராமி போன்றவை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு வெளிக்காற்றை நேரடியாக உறிஞ்சும் தனி உறுப்பு உண்டு. சேற்றிலும் உயிரோடிருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் விராலுக்கும் உள்ள அதே வசதி. கோல்டு ஃபிஷ்கள் செத்து, ஃபைட்டர் பிழைத்த தொட்டியில் குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அடுத்தது ஃபில்டர். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டருக்குள் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிக தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வகை பாக்டீரியாக்களை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுதாக நைட்ரேட்டாக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றதும் ஃபில்டருக்குள் தேங்கிய நீரில் உள்ளது சீக்கிரமே தீர்ந்துபோகும். தொட்டிக்குள்ளேயே நிற்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குச் சுற்றியுள்ள நீரிலிருந்து கொஞ்சமாவது கிடைக்கும். வெளியே மூடிய டப்பாவாக வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்கு அதுவும் இல்லை. அதற்குள் சேர்ந்திருக்கும் கசடு அழுகி, கூமுட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கூட உண்டாகும். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடி, அந்த நச்சுத் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் கொட்டும்.

இதைவிடச் சூதான ஒன்று கரியமில வாயு. காற்றோட்டம் நின்ற தொட்டியில் மீன்கள் வெளியிடும் கரியமில வாயு நீரிலேயே தங்கி, அதன் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவைக் கீழே இழுக்கும். அதே நேரத்தில் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆனால் பி.எச். 7 அளவில் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். மீதியெல்லாம் அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும். விஷம் ஏறிக்கொண்டே போனாலும் மீனுக்கு அது உறைக்காது. மின்சாரம் வந்து ஏர் பம்ப் வேகமாகக் கலக்கியதும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். விறுவிறுவென்று ஏறும். 8-ஐத் தொட்டால் நச்சு வடிவின் பங்கு நூற்றுக்கு ஆறு, ஏழு. அதாவது புதிதாக ஒரு துளி அம்மோனியா சேராமலே விஷம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. இரவைத் தாண்டிய மீன் காலையில் சாகும் புதிருக்குப் பல வீடுகளில் விடை இதுவே. நெடுந்தூரம் பாலித்தீன் பையில் வந்த மீன்கள், பையைப் பிரித்து வெகுநேரம் வைத்திருந்தால் துவண்டுபோவதும் இந்தக் காரணத்தால்தான்.

மூன்றாம் நாள் சாவு வேறு கணக்கு. ஃபில்டர் பாக்டீரியாக்களில் ஒரு பகுதி மடிந்து மீதி சோர்ந்திருப்பதால், அம்மோனியாவும் அதன் பின்னே நைட்ரைட்டும் ஏறும். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளைக் கெடுத்துவிடும். நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும், செவுள் பழுப்பு நிறமாகும். பழைய மீன்காரர்கள் தொட்டியில் கல்லுப்பு போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே புகுவதைத் தடுக்கும்.

தண்ணீரோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் காரணங்களும் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே வைத்த ஏர் பம்ப் நின்றால், தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து பம்பையே கெடுத்துவிடலாம். நீர்மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரியும் நிலையில் கரண்ட் வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். சில ரூபாய் விலையுள்ள ஒருவழி வால்வு தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வழிவதைத் தடுத்துவிடும். கொசுவத்தியை யாரும் சந்தேகிப்பதே இல்லை. மின்சாரம் இல்லாத இரவில் மூடிய அறையில் சுருளைக் கொளுத்துவார்கள், அல்லது ஸ்பிரே அடிப்பார்கள். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாதவை, மீனுக்கோ கடும் விஷம். கரண்ட் வந்ததும் ஏர் பம்ப் அதே அறைக் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் ஊதும்.

பதற்றத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றுவதும் மீனைக் கொல்லும். போர்வெல்லிலிருந்து நேரே எடுத்த நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாய் நீரில் குளோரின் இருக்கும். மழை வெள்ளத்துக்குப் பிறகு அதன் அளவைக் கூட்டுவதும் வழக்கம். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரைக் கொண்டு கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மாற்றுவதே சரி. கரண்ட் வருவதற்கு முன்பே இதைச் செய்தால் சேர்ந்துபோன அம்மோனியாவும் அந்த அளவுக்குக் குறையும்.

மின்வெட்டு நீளும்போது மூடியைத் திறந்துவைத்து, மக்கில் தண்ணீர் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். டீ ஆற்றுவது போலத்தான். அரை மணிக்கு ஒரு முறை சில நிமிடங்கள் செய்தாலே நல்ல பலன் தெரியும். உணவு போடவே கூடாது. வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினியை எளிதில் தாங்கும். கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே உள்ள நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிய பிறகுதான் ஓட்ட வேண்டும். குழாய் நீரில் அலசினால் மிஞ்சிய பாக்டீரியாக்களும் போய்விடும். அதன்பின் ஒரு வாரத்துக்கு அரை வயிற்று உணவும், முடிந்தால் அம்மோனியா பரிசோதனையும் வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கான சிறிய ஏர் பம்ப் ஒன்றுக்கு 3 முதல் 5 வாட் மின்சாரம் போதும். பழைய வகை சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பது 70 வாட்டுக்கு மேல். இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் பலவற்றில் ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் அந்த இணைப்பு இருக்கும், மீன் தொட்டியின் பிளக்குக்கு மட்டும் இருக்காது. மாற்றித் தருவது எலெக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.