உண்டியலில் விழுந்த கரண்ட்!

செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போனபோது கூட வந்த நண்பர்கள் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார்கள். பானெட்டைத் திறந்து ஞானிகள் மாதிரித் தலையாட்டினார்கள். ஃப்யூஸ் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான். பி.காம். படித்தவனுக்கு ஃப்யூஸ் எதற்கு?

எதற்கு என்பது ஒரு ராத்திரி உளுந்தூர்பேட்டை பக்கத்தில் தெரிந்தது.

மனைவி பிரசவத்துக்குத் திருச்சியில், அம்மா வீட்டில். நானும் ஐந்து வயசு மகளும் சென்னையில். ராத்திரி ஒன்பது மணிக்கு மாமனார் போன். "மாப்ளே, வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். நீங்க பதறாம வாங்க!"

பதறாமல் எப்படி வருவதாம்? மகளைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பிவிட்டேன். விழுப்புரம் தாண்டிப் பார்த்தால் செல்போனில் நாலு பர்சென்ட்! சார்ஜர் என்னவோ கியருக்குப் பக்கத்து ஸாக்கெட்டில் சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருந்தது. அதன் குட்டி விளக்குதான் எரியவில்லை. பிடுங்கிச் சொருகினேன், திருகினேன், கடைசியில் திட்டியும் பார்த்தேன். ம்ஹும்.

ஒரு டீக்கடையில் ஓரங்கட்டினேன். டீ குடித்துக் கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரேடியோ பாடுதா தம்பி?"

"பாடுதுண்ணே."

"அப்ப பேட்டரி, சாவி எல்லாம் சரி. சார்ஜரைக் கொடு."

லாரிக்கு 24 வோல்ட். சார்ஜரில் '12-24' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்த பிறகே தன் வண்டியில் சொருகினார். விளக்கு எரிந்தது. "சார்ஜர் மேல குத்தமில்ல. ஃப்யூஸைப் பாரு."

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மூடி. அதன் உள்பக்கத்திலேயே எந்த ஃப்யூஸ் எதற்கு என்று படம். ஸாக்கெட்டுக்கு உரியது நீல நிறம், 15 ஆம்பியர். எடுத்துப் பார்த்தால் நடுக் கம்பி உருகி அறுந்திருந்தது. ஸ்பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. முன்னாள் ஓனர் வாழ்க!

கடை வாசலில் காலி சிகரெட் பாக்கெட் கிடந்தது. உள்ளே இருந்த ஜிகினா பேப்பரை உருவி ஃப்யூஸில் சுற்றப் போனேன். டிரைவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வண்டி எரியக் கூடாதுன்னுதான் தம்பி ஃப்யூஸ் எரியுது. அதுல பேப்பரைச் சுத்தினா அடுத்து எரியறது ஒயரு. பின்னாடி பாப்பா தூங்குதுல்ல?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆபீஸில் ஆடிட்டர் தொந்தரவு என்று அவரைத் துரத்திவிட்டால் கம்பெனி என்னாகும்? ஃப்யூஸும் அப்படித்தான். கணக்கு மிஞ்சினால் முதல் ஆளாகக் கழன்று கொள்கிற ஆடிட்டர்!

பின் கண்ணாடி வைப்பருக்கும் அதே நீல 15 ஆம்பியர்தான். மழையில்லாத ராத்திரியில் அது எதற்கு? உருவிக் கொடுத்தேன். "இரு, எதனால போச்சுன்னு பார்க்காமப் போட்டா இதுவும் போயிடும்" என்றவர், சாவியை அணைக்கச் சொல்லி ஸாக்கெட்டுக்குள் டார்ச் அடித்தார். அடியில் பளபளவென்று ஒரு ரூபாய்!

ஸாக்கெட்டின் நடுவில் பாஸிட்டிவ், சுற்றுச்சுவர் எர்த். இரண்டுக்கும் பாலமாக நாணயம் படுத்திருந்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? ஐஸ் குச்சியால் நெம்பி எடுக்கும்போது பின் சீட்டிலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

"அப்பா... அது என் உண்டியல்!"

புது ஃப்யூஸ் போட்டதும் விளக்கு எரிந்தது. பெரம்பலூர் நெருங்கும்போது போன் அடித்தது. பையன். இருவரும் சௌக்கியம். மாமனார் அழுதார். நானும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

அன்றைக்கும் அப்புறமும் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:

* ஒரே ஒரு சாமான் மட்டும் வேலை செய்யவில்லையா? முதலில் அந்தச் சாமான், அப்புறம் ஸாக்கெட்டின் உள்பக்கம், அதற்கப்புறம் ஃப்யூஸ். பல சாமான்கள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால், அவற்றுக்குப் பொதுவான ஃப்யூஸ், ரிலே அல்லது எர்த் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

* உருகிய ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். 'பெரிசாப் போட்டா போகாது சார்' என்கிற மெக்கானிக்குக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். புதுசும் உடனே போனால் எங்கோ ஷார்ட். மூன்றாவதைப் போடாதீர்கள்.

* வாட்ஸை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 120 வாட்ஸ் காற்றடிக்கும் பம்ப் 10 ஆம்பியர் குடிக்கும். அதே ஸாக்கெட்டில் மூன்று வழிப் பிளக் சொருகி இன்னும் இரண்டைச் சேர்த்தால் ஆடிட்டர் கிளம்பிவிடுவார்.

* பேட்டரி உங்கள் சேவிங்ஸ் அக்கவுன்ட், ஆல்டர்னேட்டர் சம்பளம். மல்டிமீட்டரில் இன்ஜின் ஆஃபில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை இருந்தால் குடும்பம் நிம்மதி. ஓடும்போதும் 12-லேயே நின்றால் சம்பளம் வரவில்லை என்று அர்த்தம்!

இப்போது என் டேஷ்போர்டில் எல்லா நிறத்திலும் ஸ்பேர் ஃப்யூஸ் இருக்கிறது. மகளுக்கு மண் உண்டியல் வாங்கிக் கொடுத்தாயிற்று. முதல் வரவு, அந்த ஒரு ரூபாய். ஓரத்தில் லேசாகக் கருகியிருக்கிறது. "தம்பி பொறந்த காசு" என்று செலவழிக்க மறுக்கிறாள்.