மடத்துவெளி உடும்பும் ஸ்காபரோ இகுவானாவும்

பெரியம்மாவின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு றெஜிபோம் பெட்டி இருந்தது. மீன் வந்த பெட்டி. மூடிக்கு மேல் ஒரு செங்கல். உள்ளே ஏதோ பிறாண்டுகிற சத்தம். பூனை ஒன்று அதன் முன்னால் வாலைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தது. கட்டியிருந்த நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது.

"என்ன பெரியம்மா இதுக்குள்ள?"

"உன்ரை மருமோனைக் கேள் பிள்ளை. ஏதோ இகுவானாவாம்."

நான் வேறொரு கட்டுரைக்காகத்தான் புங்குடுதீவு மடத்துவெளிக்குப் போயிருந்தேன். மருமகனுக்குப் பதின்மூன்று வயது. மூடியை மெல்லத் தூக்கிக் காட்டினான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உடும்புக் குட்டி. பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து வந்து போனது. பின்வளவில் கூரையில்லாமல் கிடக்கும் வீட்டுச் சுவர் இடுக்கில் பிடித்தானாம்.

"ஸ்காபரோ சித்தப்பா வீட்டில இருக்கிறது மாதிரித்தான் மாமி. அது பூனையோட ஒரே சோபாவில படுத்திருக்கும். நாயும் ஒண்டும் செய்யாது. வீடியோ காட்டவோ?"

காட்டினான். பச்சை நிறத்தில், முதுகில் சீப்புப் பல் மாதிரி முள் வரிசையோடு, ஐந்தடி நீளத்தில் ஒரு பிராணி சோபாவில் கிடந்தது. ஒரு முழம் தள்ளி ஒரு சாம்பல் பூனை. இரண்டும் அசையவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இப்படியான காணொளிகள் இப்போது எங்கள் பிள்ளைகளின் கைபேசிகளில் நிறையவே ஓடுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், உடும்பு இகுவானா அல்ல. தமிழில் சிலர் பேரோந்தி என்று எழுதும் பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்காவின் மரங்களில் வாழ்வது. அது இலை தின்னி. எங்கள் ஊரில் என்றால் முருங்கை இலையும் செவ்வரத்தையின் இலையும் பூவும் அதற்குப் பிடித்துப்போகும். பசளி மாதிரியான கீரைகளை அதிகம் கொடுக்கக்கூடாது, அவற்றிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தை உடலில் சேரவிடாது. இறைச்சியோ நாய்ச் சாப்பாடோ தின்னப் பழகினால் சிறுநீரகம் கெடும்.

உடும்பு நேர்மாறு. வண்டு, நத்தை, நண்டு, எலி, செத்த பிராணி, எல்லாவற்றுக்கும் மேலாக முட்டை. பெரியம்மாவின் பதினொரு கோழிகளும் அவற்றின் முட்டைகளும்தான் அந்த வீட்டின் கைச்செலவு. அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் உடும்பை வைத்து முருங்கை இலை போட்டால் அது இலையைத் தின்னாது. இரண்டு நாளாக அது ஒன்றும் தின்னவில்லை என்று மருமகன் கவலைப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, சட்டம். இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதற்கு 2009 இல் வந்த திருத்தமும் உடும்பைப் பாதுகாக்கின்றன. பிடிப்பதும் அடைத்து வைப்பதும் கொல்வதும் குற்றம். வனவிலங்கு வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையிலும் உடும்பு மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. இதை எங்கள் ஆட்கள் பாரதூரமாக எடுப்பதில்லை. உடும்பிறைச்சி நாரிப்பிடிப்புக்கு நல்லது என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கஞ்சிராவின் தோல்கூட முன்பு உடும்புத் தோல்தான்.

இகுவானாவையும் நினைத்தபடி வாங்கி வளர்க்க முடியாது. அது சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாட்டுக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இந்தியாவில் இப்படியான வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பரிவேஷ் இணையவாசலில் பதிய வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் விதி வந்தது. சென்னை விமான நிலையத்தில் பயணப்பைகளுக்குள் இருந்து இகுவானாக்கள் பிடிபட்ட செய்திகளை வாசித்திருப்பீர்கள்.

அன்று இரவு ஸ்காபரோ அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தேன். மருமகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"வீடியோவில வாறது அரை நிமிசம்தான் தங்கச்சி. மிச்ச நேரம் அது தனி அறையில," என்றார் அண்ணா.

அந்த அறையில் ஆளுயரக் கூடு. கிளை வைத்து, ஒரு பக்கம் 35 பாகை வரை சூடு வரும் விளக்கு, மறுபக்கம் குளிர்மை. அதோடு புற ஊதாக் கதிர் விளக்கு. அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடல் விற்றமின் டி-யை உண்டாக்காது, எலும்பு மெழுகு மாதிரி வளையும். யன்னல் கண்ணாடியால் வரும் வெயில் போதாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எங்கள் தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிழல் இல்லாத தகரக் கொட்டகையில் அடைத்தால் அதே வெயில் கொன்றுவிடும். ஊர்வனவுக்கு வியர்க்காது.

பூனையைப் பற்றிக் கேட்டேன். அண்ணா கொஞ்சம் நேரம் பேசவில்லை. இரண்டாம் வருடத்தில் ஒருநாள் கதவு சாத்துப்படாமல் இருந்திருக்கிறது. பூனை ஒரு தட்டுத்தான் தட்டியது. காயம் கண்ணுக்கே தெரியவில்லை. பத்து நாளில் தொடையில் கட்டி வந்து, வெட்டி எடுத்து, பல வாரம் ஊசி போட்டார்கள். பூனையின் பல்லிலும் நகத்திலும் இருக்கும் பக்ரீரியாக்கள் ஊர்வனவின் இரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம். மறுபக்கமும் ஆபத்து உண்டு. வளர்ந்த இகுவானாவின் வால் சவுக்கு. இணைசேரும் காலத்தில் ஆண் இகுவானா வளர்த்தவரையே கடிக்கும். இரண்டு ஆண்களை ஒரே கூட்டில் வைக்கவே கூடாது.

அப்படியானால் சோபாவில் அது ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது? நாய் பயந்தால் குரைக்கும், பூனை சீறும். இகுவானா பயந்தால் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நிறம் கறுக்கும், தாடைக்குக் கீழே உள்ள தோல் விரியும், சாப்பாட்டை விடும். அதன் உச்சந்தலையில் மூன்றாவது கண் மாதிரி ஒரு புள்ளி இருக்கிறது. அது உருவத்தைக் காட்டாது, மேலே விழும் நிழலை மட்டும் உணரும். பருந்துக்காக இயற்கை வைத்த ஏற்பாடு. சோபாவின் முதுகில் ஏறி நின்று பார்க்கும் பூனையும் மேலிருந்து தூக்க வரும் கையும் அதற்குப் பருந்துதான். உறவென்று நாங்கள் பார்த்து மகிழ்வது பல வேளைகளில் அதன் அச்சத்தை.

ஒரே வீட்டில் மற்றப் பிராணிகளும் இருந்தால், தனி அறையும் பூட்டிய கதவும் பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல் அதை வெளியே விடக்கூடாது. நாய் ஒருபோதும் கடித்ததில்லை என்பது உத்தரவாதம் இல்லை, ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். தண்ணீர்ச் சட்டியும் சாப்பாட்டுத் தட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஊர்வன நோயில்லாமலே சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடென்றால் இரட்டைக் கவனம் தேவை. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். குசினித் தொட்டியில் அதைக் கழுவ வேண்டாம்.

தீவில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கரீபியனில் உள்ள கிராண்ட் கேமன் தீவில், வெளியிலிருந்து வந்த பச்சை இகுவானாக்கள் பெருகி, 2018 ஒக்டோபரில் அரசாங்கமே ஆள் வைத்துக் கொல்லத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 10 இலட்சத்துக்கு மேல் கொன்றார்கள். பிஜியின் கமேயா தீவிலும் 2000 ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்ட இகுவானாக்கள் அந்நாட்டுச் சொந்த இனத்துக்கு இடைஞ்சலாகிவிட்டன. வெக்கையும் பற்றையும் ஆளில்லாத வீடுகளும் உள்ள புங்குடுதீவில் நாலு இகுவானா தப்பிப் போனால் யார் தேடிப் பிடிப்பது?

பெரியம்மா இதெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி கிளைந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அது எத்தினை வருசம் இருக்கும்?"

நன்றாகப் பார்த்தால் 15, 20 வருடம் என்றேன். சிரித்தார்.

"இவன் அதுக்குள்ள எங்கை போய் நிக்கப்போறானோ."

1991 ஒக்டோபரில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது பெரியம்மா வீட்டை விட்டு ஓடினார். இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு நாய். கயிறுகளை அவிழ்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். ஒரு நாம்பன் கன்றின் கயிறு மட்டும் இறுகிப்போய், அவிழ்க்க முடியாமல், கத்தி எடுத்து வர நேரமில்லாமல் போய்விட்டதாம். நாய் வள்ளம் வரை வந்தது. இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வளவில் இருந்தவை உடும்பும் பாம்பும்தான். அந்தக் கன்றைப் பற்றி அவர் இதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை.

ஸ்காபரோ அண்ணா வளர்க்கும் இகுவானாவும் முன்பு யாரோ வாங்கி, வீடு மாறும்போது வேண்டாம் என்று விட்டதுதான்.

மறுநாள் காலை வெயில் ஏறியபிறகு பெட்டியைப் பின்வளவுக்குக் கொண்டுபோனோம். காயப்பட்ட உடும்பு என்றால் 1992 என்ற இலக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். இது நல்ல சுகமாக இருந்தது. நாயைக் கட்டி, பூனையை அறைக்குள் விட்டுச் சாத்தினோம். பிடித்த இடத்திலேயே, அந்தச் சுவருக்குப் பக்கத்தில், மருமகன் பெட்டியைச் சரித்தான். அது வெளியே வராமல் பெட்டி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் எண்டு சொல்லுறது இதைத்தான்," என்றார் பெரியம்மா.

நாங்கள் தள்ளிப்போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெட்டி வெறுமையாக இருந்தது. கோழிக்கூட்டின் அடிப்பலகையில் இருந்த ஓட்டையை அடைக்க மருமகன் ஆணி தேடப் போனான்.