பிள்ளைக்கு நிறை ஏறவில்லையா? பால்மா வாங்க ஓடுமுன்...

ஷோனெஃபெல்ட் என்றால் எங்கள் மூத்தவர்களுக்கு 1980களின் நினைவு வரும். அன்றைய கிழக்கு ஜேர்மனியின் இந்த விமான நிலையத்தில் இறங்கித்தான் பலர் மேற்கு பெர்லினுக்கு ரயில் ஏறினார்கள். இன்று நாங்கள் குடியிருப்பது அந்த ஊரில்தான். தொழிற்சாலை வேலை, சின்ன வீடு. எங்கள் தலைப்பிள்ளையைக் கொண்டுவந்து வளர்த்திய இடமும் இதுதான்.

பிறக்கும்போது நிறை 3,050 கிராம். ஐந்தாம் நாள் 2,790. முதல் நாட்களில் கொஞ்சம் குறைவது வழமைதான். ஆனால் இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். எங்கள் பிள்ளையோ பதினான்காம் நாளும் 2,860 இல் நின்றது.

"பால் காணாது, பால்மா கரைச்சுக் குடுங்கோ" என்றார்கள் தெரிந்தவர்கள். "பால்சுறா வறுத்துச் சாப்பிடு பிள்ளை" என்றா ஊரிலிருந்து அம்மா. வீட்டில் இரவெல்லாம் அழுகை.

மருத்துவிச்சி வந்து, பிள்ளை பால் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பாலில் குறையில்லை. பிள்ளை காம்பின் நுனியை மட்டும் சப்பி, களைத்து நித்திரையாகிவிடுகிறது. நாங்களும் "அழாத நல்ல பிள்ளை" என்று ஐந்து மணித்தியாலம் தூங்க விட்டிருக்கிறோம். பிழை அங்கேதான்.

வாயை அகலத் திறக்கவைத்து, காம்போடு சுற்றியுள்ள கரும்பகுதியும் உள்ளே போகும்படி பிடிக்கக் காட்டித் தந்தார். எழுப்பியாவது ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கச் சொன்னார். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் போத்தல் கொடுத்தால் ஊறுவது குறையும். முதல் ஆறு மாதம் சீனித்தண்ணியும் வேண்டாம், வெறுந்தண்ணியும் வேண்டாம்.

ஐந்தாம் கிழமை, மஞ்சள் புத்தகத்தில் பதியும் மூன்றாவது பரிசோதனையில் 3,430 கிராம்!

பெற்றோரே, முதல் கிழமைக்குப் பிறகு நாளொன்றுக்கு ஐந்தாறு தடவையாவது நன்றாக நனைந்த நப்பி இருக்கிறதா என்று பாருங்கள். சலம் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காவிட்டாலோ, 38 பாகை காய்ச்சல் என்றாலோ, மஞ்சள் நிறம் கூடினாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். வைத்தியரே பால்மா தேவை என்றால் கொடுங்கள். அதில் வெட்கமில்லை.

பிள்ளை பிறந்து 12 கிழமை வரை மருத்துவிச்சி வீட்டுக்கு வருவதற்கான செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்கும். அகதி விண்ணப்பம் முடியாத தாய்மாருக்கும் மருத்துவிச்சி உதவி சட்டத்தில் உண்டு. வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, பிள்ளையின் முதல் 12 மாதமும், பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலமாவது அல்லது ஒரு தடவை ஒரு மணித்தியாலமாவது கொடுக்க வேண்டும். அதற்காகச் சம்பளம் வெட்ட முடியாது.

எங்களுக்கு டொச் அரைகுறை. கேட்க வெட்கப்பட்டு ஒன்பது நாள் சும்மா இருந்தோம். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.