முகம் பார்க்காத முதலாளிகள்

பிழைப்புக்காக வடக்கே வந்த நம் முந்தைய தலைமுறையில் பலருக்குச் சோறு போட்டவை டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும்தான். ஹையர் பாஸ் செய்த சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மாதுங்காவிலும் கரோல்பாகிலும் வந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தந்துவிடவில்லை. "நம்ம ஊர்ப் பையன், கை சுத்தம், ஆபீஸ் விஷயத்தை வெளியே பேச மாட்டான்" என்று ஏற்கெனவே அங்கே இருந்த ஒருவர் சொன்ன சொல்தான் கதவைத் திறந்தது.

அந்த ஸ்டெனோ வேலை இன்று 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே எங்கோ இருக்கும் ஒரு டாக்டருக்கோ ஆடிட்டருக்கோ கடிதங்களைப் பிரித்து வைப்பது, சந்திப்பு நேரங்களைக் குறிப்பது, பில் அனுப்புவது, வராத பணத்தை நினைவூட்டுவது எல்லாம் இதில் அடக்கம். மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்கு அல்லது வேலைக்கணக்குக் கூலிதான். முதலாளி நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பரிந்து பேச மாமாவும் இல்லை. அப்படியிருக்க ஒருவர் தம் அந்தரங்கக் கடிதங்களை நம்மிடம் எப்படி ஒப்படைப்பார்? நம் சங்கக் குடும்பங்களில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகளிர் பலர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். கேட்பதற்குக் காரணம் என் இளைய மகள்.

புனேயில் ஓர் அலுவலகத்தில் இருந்தவள், இரண்டாவது குழந்தை பிறந்த 2018-இல் வேலையை விட்டாள். 2020-இல் ஊரடங்கு வந்தது. மாப்பிள்ளையின் சம்பளம் பாதியானது. வீட்டுக் கடன் தவணை 23,000 ரூபாய் மட்டும் குறையவில்லை. குடும்பத்தோடு நாக்பூரில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். என் பென்ஷனிலிருந்து கொடுத்ததை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளைக்குக் கூச்சம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் இந்தத் தொழிலில் இறங்கினாள்.

முதல் மூன்று மாதம் வெறும் அலைச்சல். அப்வொர்க் போன்ற தளங்களில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே காசு செலவாகும். நாற்பது விண்ணப்பம் போட்டதில் பதில் வந்தது இரண்டு. அதில் ஒன்று, டேட்டா என்ட்ரி வேலை தருவதாகச் சொல்லி 3,500 ரூபாய் 'டெபாசிட்' கேட்டது. அவள் கட்டவில்லை. இந்த வகை மோசடி நம் நாட்டில் ஏராளம். பணம் கட்டியவரிடம் பிறகு "வேலையில் பிழை" என்று சொல்லி வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவதும் உண்டு. வேலை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது, எல்லா வேலையும் செய்வேன் என்பது. ஆயிரக்கணக்கானவர்கள் அதையேதான் எழுதுகிறார்கள். பிறகு அதை மாற்றி மூன்றே வேலைகளை வைத்துக்கொண்டாள்: கடிதப் பெட்டியை ஒழுங்கு செய்வது, காலண்டர் பார்ப்பது, பில்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது. முன் அனுபவம் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே கற்பனையாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை வைத்து, 200 கடிதங்கள் குவிந்த ஒரு பெட்டியைத் தானே உருவாக்கி, அதை ஒழுங்கு செய்யும் முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருந்தது என்று இரண்டு பக்கத்தில் படம் பிடித்து வைத்தாள். மாதிரி என்பதை மேலேயே எழுதியும் விட்டாள். பல ஆயிரம் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளை விட அந்த இரண்டு பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வாடிக்கையாளர் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, இங்கே தரம்பேட்டிலிருந்து வந்தார். ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தருபவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு படிவம், 20-ஆம் தேதி ஒரு படிவம். வியாபாரிகள் பில்களைக் கடைசி நாள் வரை அனுப்ப மாட்டார்கள். யார் அனுப்பினார், யார் பாக்கி என்று பட்டியல் வைத்து, ஐந்தாம் தேதியிலிருந்தே ஒவ்வொருவரையும் மரியாதையாகத் துரத்துவதுதான் வேலை. மாதம் 4,000 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் இரண்டாவது மாதம் ஒரு வியாபாரிக்கும் அபராதம் விழவில்லை. அதைத் தம் லெட்டர்ஹெட்டில் நான்கு வரியாக அவர் எழுதிக் கொடுத்தார். பழைய காலத்து மாமாவின் சொல் அதுதான்.

எங்கள் ரயில்வேயில் ஓர் இடத்தில் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியைச் சலித்துப் போட்ட பிறகு அன்றே வண்டியை முழு வேகத்தில் விட மாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். ஜல்லி இறுக இறுக 45, அதற்கு மேல் படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் லைனைப் பார்த்துத்தான் வேகம் கூட்டுவோம். புது வாடிக்கையாளரும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் ஆறு மாத ஒப்பந்தம் கேட்டால் பயந்துவிடுவார். என் மகள் ஒரு வார வேலையை மட்டும் கேட்பாள். அதற்கும் கூலி உண்டு, இலவசம் கிடையாது. இலவசமாகச் செய்ததற்கு யாரும் மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

நம்பிக்கையைக் கொண்டுவந்த விஷயங்களில் பெரியது கடவுச்சொல் சமாச்சாரம். மெல்போர்னில் பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மாள், ஆடிட்டரின் உறவினர், ஜிமெயில் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிட்டார். இவள் அதைப் பயன்படுத்தாமல், "முதலில் அதை மாற்றிவிடுங்கள். ஜிமெயிலில் டெலிகேட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் என்னைச் சேர்த்தால் நான் கடிதம் படிக்கலாம், பதில் அனுப்பலாம். பாஸ்வேர்டை மாற்ற என்னால் முடியாது. வேண்டாம் என்று தோன்றும் நாளில் என்னை நீக்கிவிடலாம்" என்று பதில் எழுதினாள். "இதுவரை வேலை கேட்டு வந்த ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை" என்று அந்த அம்மாள் எழுதினார். வாரத்துக்குப் பத்து மணி நேர வேலை அன்றே உறுதியாயிற்று.

மற்றொன்று, தினமும் வேலை முடிந்ததும் ஐந்து வரிக் கடிதம். என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, எதற்கு உங்கள் பதில் வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத நாளிலும் அது போகும். ஸ்டேஷன் மாஸ்டர் டியூட்டி மாறும்போது டயரியில் எழுதிக் கையெழுத்திடுவது போல. கண்ணில் படாத ஆளைப் பற்றி முதலாளிக்கு வரும் சந்தேகம் மௌனத்தில்தான் வளர்கிறது.

நேரக் கணக்கில் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின, 1906-இல்தான் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. நம் கடிகாரம் வருடம் முழுவதும் மாறாது, அவர்களுடையது மாறும். நியூயார்க் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மெல்போர்ன் நாலரை மணி முன்னால், அவர்கள் கோடையில் ஐந்தரை. மாறும் நாளும் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி அனுப்புவது அவள் வழக்கம்.

"இதையெல்லாம் ஏஐ செய்துவிடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கடிதம் எழுதும் வேலையைப் பாதி செய்துவிடுகிறது. அவளே அதைப் பயன்படுத்துகிறாள். ஆனால் 2024-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெல்போர்ன் அம்மாளின் நோயாளிகளுக்கு 'உங்கள் அடுத்த சிகிச்சை' என்று தானாகவே நினைவூட்டல் போகும். ஒரு முதியவர் காலமான செய்தி, பாக்கிப் பணம் பற்றிய அவர் மகனுடைய கடிதத்தில் நடுவில் ஒரு வரியாக இருந்தது. இவள் அதைப் படித்துவிட்டு, மறுநாள் காலை போகவிருந்த நினைவூட்டலை நிறுத்தினாள். அனுதாபக் கடிதம் ஒன்றை வரைந்து, அனுப்பாமல், "நீங்களே பார்த்து அனுப்புங்கள்" என்று வைத்தாள். எந்தக் கடிதம் போகக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் கூலி. அந்த அம்மாள் தமக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் அவள் பெயரைச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பணம், வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பணம் வங்கிக் கணக்கில் வரும்போது அது எதற்காக என்று பர்பஸ் கோட் கேட்பார்கள். அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், சில சிறிய மாநிலங்களில் 10 லட்சம். வருமான வரிக்குத் தனியாக ஆடிட்டரைப் பாருங்கள். புதிய ஆளிடம் முன்பணம் கேட்கத் தயங்க வேண்டாம். ஒருவர் 40 மணி நேர வேலையை வாங்கிக்கொண்டு காணாமல் போனார். இப்போதெல்லாம் முதல் வாரக் கூலியில் பாதி வந்த பிறகுதான் அவள் வேலையைத் தொடுகிறாள்.

இன்று அவளுக்கு நான்கு வாடிக்கையாளர்கள். வீட்டுத் தவணை அவள் கணக்கிலிருந்து போகிறது. காலை ஐந்தரைக்கு மெல்போர்ன், மாலையில் தரம்பேட், நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இரவு பத்துக்கு மேல் வரும் அமெரிக்க வேலையை ஒப்புக்கொள்வதில்லை என்று வைத்திருக்கிறாள், சிலர் கூடுதல் கூலி சொல்லியும்.

அந்த மாதிரிப் பக்கங்களையும், ஐந்து வரிக் கடிதத்தின் நமூனாவையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வரலாம். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். லேப்டாப் இருந்தால் கொண்டு வாருங்கள், சார்ஜரோடு. நூலகத்தில் பிளக் இரண்டுதான் இருக்கிறது.