உணவால் உருவாகும் உறை

பூஞ்சைச் செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு, உள்ளே புகுவனவற்றையும் வெளியேறுவனவற்றையும் நெறிப்படுத்தும் மெல்லிய உறையாகும். பாஸ்பேட் அமைந்த தலையும் இரு கொழுப்பு அமில வால்களும் கொண்ட பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் ஈரடுக்காக நின்று இவ்வுறையை அமைக்க, விலங்குச் செல்களில் கொலஸ்டிரால் ஆற்றும் பணியை இங்கே எர்கோஸ்டெரால் என்னும் பொருள் ஏற்று, சவ்வு மிக இளகிவிடாமலும் இறுகிவிடாமலும் காக்கிறது. இவற்றின் விகிதத்தை மரபணுக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. பூஞ்சைக்குக் கிடைக்கும் ஊட்டப் பொருள்களும் முடிவு செய்கின்றன.

இதற்குத் தெளிவான சான்று, ரொட்டியும் மதுவும் ஆக்க உதவும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை ஆகும். எர்கோஸ்டெராலையும், இரட்டைப் பிணைப்பால் வளைந்து சவ்வை நெகிழச் செய்யும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் தயாரிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும்; ஆக்சிஜன் அறவே இல்லாதபோது இவ்விரண்டையும் வளர் ஊடகத்திலிருந்தே அது பெற்றாக வேண்டும் என்பதை ஆண்ட்ரேசன், ஸ்டியர் ஆகிய ஆய்வாளர்கள் 1953, 1954 ஆம் ஆண்டுகளில் காட்டினர். மது ஆக்கும்போது திராட்சைச் சாற்றை அளவுக்கு மீறித் தெளியவைத்தால், தோல், சதைத் துகள்களில் உள்ள, எர்கோஸ்டெராலை ஒத்த ஸ்டெரால்களும் கொழுப்பு அமிலங்களும் வண்டலோடு நீங்கிவிடுகின்றன. பெருகிவரும் ஆல்கஹாலைத் தாங்கவல்ல சவ்வை அமைக்க இயலாமல் ஈஸ்ட் சோர்ந்து, நொதித்தல் பாதியில் நின்றுவிடக்கூடும்.

கொழுப்புச் சத்து மட்டுமன்றிக் கனிமச் சத்தும் சவ்வை மாற்றும். நியூரோஸ்போரா கிராஸா என்னும் பூஞ்சை, பாஸ்பேட் பற்றாக்குறை நேரும்போது, பாஸ்பரஸே இல்லாத பீட்டெயின் லிப்பிடை ஆக்கிப் பாஸ்போலிப்பிடுகளின் ஒரு பகுதிக்கு ஈடாக அமைத்துக்கொள்வதால், அரிய பாஸ்பேட் பிற தேவைகளுக்கு மிஞ்சுகிறது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சையோ, கொழுப்பு அமிலங்களைத் தொடக்கத்திலிருந்து தொகுக்கும் நொதியை இழந்துவிட்டதால், மனிதத் தோல் சுரக்கும் எண்ணெயையே நம்பி வாழ்கிறது. ஆகவே ஆய்வகத்தில் அதை வளர்ப்போர் ஊடகத்தில் ஆலிவ் எண்ணெய் போன்ற கொழுப்பைச் சேர்க்கின்றனர்.

இவ்வறிவு மருத்துவத்திற்கும் இன்றியமையாதது. அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டெரால் ஆக்கத்தைத் தடுத்துப் பூஞ்சையை ஒடுக்குகின்றன. ஆனால் கேண்டிடா கிளாப்ராட்டா என்னும் பூஞ்சை, இரத்தச் சீரத்திலுள்ள கொலஸ்டிராலை உறிஞ்சித் தன் சவ்வில் பொருத்திக்கொண்டு அத்தடையைத் தாக்குப்பிடிக்க வல்லது. எனவே ஒரு மருந்தின் ஆற்றலை அளவிடும்போது, பூஞ்சை எதை உண்டு வளர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.