நாடி தளர்ந்தால் கைகொடுக்கும் கம்பி

நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமல் அடிக்க வேண்டிய நாடி 30-க்கு இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. ஆள் சுருண்டு விழுவார். பித்த மயக்கம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தால் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் முதலில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். அதற்கும் நாடி ஏறாவிட்டால், கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்தின் வலது கீழறைக்குள் செலுத்துவார்கள். படுக்கையிலேயே செய்யலாம். நுனியில் சிறு பலூன் உள்ள கம்பியை ரத்த ஓட்டமே இழுத்துச் செல்லும். சேர்ந்த இடத்தை ஈ.சி.ஜி. சொல்லிவிடும். வெளியே உள்ள பாட்டரிப் பெட்டி தரும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் இதயம் ஒருமுறை சுருங்கும்.

1958-ல் நியூயார்க்கில் டாக்டர் சீமோர் ஃபர்மன் ஒரு முதியவருக்கு இப்படி விட்ட கம்பி 96 நாள் வேலை செய்தது! இப்போது பெரும்பாலும் சில நாட்கள்தான். மாரடைப்பாலோ மாத்திரையாலோ வந்த கோளாறு நீங்கினால் உருவிவிடுவார்கள். நீங்காவிட்டால் தோலுக்கடியில் நிரந்தர பேஸ்மேக்கர் வைப்பார்கள்.