கணவாய்க்கு மேற்கே ஒரு பாட்டு

நம் கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் கொச்சி, மட்டாஞ்சேரி. 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக் கூடம் அங்கே இன்றும் இருக்கிறது.

யூதர்களுக்கும் கேரளத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோடு என்ற ஊரிலிருந்து சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு தந்தார். அதில் சொன்ன 72 உரிமைகளில் பறையும் காகளம் என்ற ஊதுகொம்பும் உண்டு!

கொச்சி யூதர்களின் தொழுகையில் எபிரேயப் பாட்டு. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் பாடியதோ மலையாளப் பாட்டு; பழைய வரிகள் சிலவற்றில் தமிழின் சாயலும் தெரியும். ஆண்கள் முன்னால் பெண்கள் பாடுவதைப் பல யூதச் சமூகங்கள் ஏற்பதில்லை. கொச்சியில் ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பெருமைக்குரிய வழக்கம் இது.

அந்தப் பெண்கள் பாட்டுகளை நோட்டுகளில் கைப்பட எழுதி வைத்தார்கள். மெட்டை மட்டும் காதால் கேட்டே கற்றார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே போயின. அவற்றிலிருந்து ஆய்வாளர்கள் ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்த ‘கார்குழலி’ என்ற நூல், 2005இல் எபிரேய மொழிபெயர்ப்புடன் எருசலேமில் வெளியானது.